சோயா மொச்சையும் யாமும்

சென்ற கோடை விடுமுறையில், மெலிந்திருந்த எம் தம்பிக்கென அன்னையார் சோயா மொச்சையை மாவாக்கி வைத்திருந்தார். ஒருநாள் கஞ்சி காய்ச்சும் பொறுப்பு எம்மிடம் வந்தது. நன்னூற் சூத்திரங்களை உருப்போடுவதிலேயே கருத்தாயிருந்த யாம், மாவு வேகுமுன்னரே இறக்கிக் கொடுத்துவிட்டோம். அன்று மாலைவரை அச்சிறுவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். அன்னையார் எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர், அதுவே பெருந்தண்டனையாயிற்று.

கலாசாலை திறந்தபின், தாவரநூல் பயிலும் நண்பரிடம் இதனைக் கூறினோம். பச்சைச் சோயாவிலுள்ள ஒரு புரதம், உணவுப் புரதத்தைச் செரிப்பிக்கும் டிரிப்சின் என்னும் நொதியைத் தொழிற்படவொட்டாது தடுக்குமென்றும், நன்கு வேகவைப்பின் அதன் வலிமை பெரும்பாலும் அழியுமென்றும் அவர் விளக்கினார். அதனைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்து 1945-இல் வெளியிட்டவர் அமெரிக்காவிலிருந்த குனிட்ஸ் என்னும் அறிஞராம்.

அப்புரதமே இல்லாத விதை உண்டோ? இவ்வினா எம்மை விடவில்லை. நூல்நிலையத்திற் படித்தறிந்தது இது: இல்லினாய்ப் பல்கலைக்கழகத்துத் தியோடர் ஹைமோவிட்ஸும் அவர்தம் குழுவினரும், பல நாடுகளினின்றும் திரட்டிய ஆயிரக்கணக்கான விதைவகைகளைச் சோதித்தனர். கொரியாவினின்று வந்த இரண்டில் அப்புரதம் காணப்படவில்லை. ஏடு ஏடாக ஒப்புநோக்கி அரிய பாடத்தைக் கண்டெடுக்கும் பதிப்பாசிரியர் பணியன்றோ இது! அவ்வின்மைப் பண்பு தாய்ச்செடி, தந்தைச்செடி இரண்டின்வழியும் வந்தாலன்றி வெளிப்படாது என்பதை 1979-இல் வெளியிட்டனர். பின்னர் நல்விளைச்சல் தரும் வகையோடு மீண்டும் மீண்டும் கலந்து பயிராக்கிய புதுவகை 1991-இல் பதிவாயிற்று. அதன் பெயர் குனிட்ஸ். தன்பால் இல்லாத பொருளின் பெயரையே தாங்கிய விதை!

சேர்த்துத் திருத்த முயன்றாரும் உளர். சோயாவில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவாதலின், பிரேசில் கொட்டையின் மரபணுவொன்றை அதனுட் புகுத்தினர். அக்கொட்டை ஒவ்வாதார்க்கு இப்புதுச் சோயாவும் ஒவ்வாதென 1996-இல் வெளியான ஆய்வு காட்டிற்று, முயற்சி கைவிடப்பெற்றது. இதனை இடைச்செருகல் என்றோம் யாம். எல்லாச் செருகலும் தீதன்று என்று வாதித்தார் நண்பர். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

இந்தூர் ஆராய்ச்சி நிலையத்தார் உண்டாக்கிய என்.ஆர்.சி. 127 என்பதும் குனிட்ஸ் புரதம் அற்ற வகையே. எனினும் இவ்வகை விதைகளிலும் வேறொரு தடைப்புரதம் எஞ்சிநிற்றலின், அடுப்புக்கு ஓய்வில்லை.

தம்பி தேறிவிட்டான். ஆயினும் எம் கையினின்று கஞ்சிக் கிண்ணத்தை வாங்குமுன், "அண்ணா, வெந்ததா?" என்று இன்றும் கேட்கிறான்.