குவியல் எண்ணும் வேலை

பீவருக்குத் தமிழில் நிலைத்த பெயரில்லை. சில அகராதிகளில் நீர்நாய் என்று கிடக்கிறது. நீர்நாய் மீன் தின்னும் வேறு பிராணி. இதுவோ மரப்பட்டை தின்பது. கனடாவுக்கு வந்த நம்மில் அனேகருக்கு இதன் முதல் அறிமுகம் ஐந்து சதக் குற்றியில்தான். 1937இலிருந்து அதில் குந்தியிருக்கிறது. தொப்பிக்காக இதன் தோலை உரித்து உரித்தே ஐரோப்பியர் இந்த நாட்டுக்குள் வழி கண்டார்கள் என்பது குற்றியில் இல்லை.

ஒன்ராறியோவில் நானிருக்கும் ஊருக்கு வெளியே, ஒரு காலத்தில் வாய்க்கால் வெட்டி வடியவிட்ட சதுப்பு நிலமொன்று உண்டு. அதை மீட்க முனைபவர்களோடு சில வருடங்களாக நானும் பீவர் கணக்கெடுக்கப் போகிறேன். "எலி எண்ணவோ அண்ணை கனடாவுக்கு வந்தனீங்கள்?" என்று கேட்கிறார் வேலைத்தலத்து நண்பர்.

உண்மையில் நாங்கள் பிராணியை எண்ணுவதில்லை. அது இரவில் நடமாடுவது, கண்ணிற் படுவது அருமை. குளம் உறையுமுன், குளிர்காலத்துக்கு வேண்டிய கிளைகளை வீட்டு வாசலருகே நீருக்குள் குவித்து வைக்கும். பிறகு பனிக்கட்டிக்குக் கீழே நீந்திப்போய் அதைத்தான் பங்குனி மட்டும் தின்னும். இலை கொட்டிய பின், நீர் உறையுமுன், அந்தச் சில கிழமைகளில் குவியல்களை எண்ணிவிட வேண்டும். ஒரு குவியல் ஒரு குடும்பம்: தாய், தகப்பன், இவ்வருடக் குட்டிகள், போன வருடத்துக் குட்டிகள். குவியலில்லாவிட்டால் அனேகமாக ஆளில்லாத வீடு. அப்படியொன்றைக் கண்டால் குறிப்பெழுதமுன் சற்று நிற்பேன். அணையில் புதுச் சேறு பூசியிருக்கிறதா, அடிமரத்தில் கடித்த இடம் வெளிறியிருக்கிறதா கறுத்துவிட்டதா, கரையில் தின்ன மரம் எவ்வளவு மிச்சம் என்பதும் வரைபடத்தில் ஏறும். தீனியற்ற ஓடையில் பீவர் தங்காது. அது போனால் அணையும் நாளடைவில் போய்விடும்.

எண்ணி என்ன பயன்? அல்பேர்ட்டாவின் எல்க் ஐலன்ட் தேசியப் பூங்காவில் பழைய வான்படங்களையும் பீவர் கணக்குகளையும் ஒப்பிட்டு, கிளினிஸ் ஹூட், சூசன் பேய்லி என்ற ஆய்வாளர்கள் 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதே சதுப்புகளில் பீவர் இருந்தபோது, இல்லாத காலத்தைவிட ஒன்பது மடங்கு நீர்ப்பரப்பு. 2002 கடும் வரட்சி; பீவர் இருந்த இடங்களில் அப்போதும் நீர் நின்றது.

எங்கள் சதுப்பிலோ வீதியோரத்து அணையால் வசந்தத்தில் தெருவில் வெள்ளம். பொறிவைத்துப் பிடிக்க வேண்டுமென்று ஊர்க்கூட்டத்தில் சத்தம். அணையை உடைத்தால் ஓரிரு இரவில் திரும்பக் கட்டும். பிடித்தால் வேறொரு குடும்பம் வந்து குடியேறும். சதுப்பின் பெரும்பகுதி நீரைப் பிடித்து வைத்திருப்பது அந்த அணைதான் என்பதை வரைபடம் காட்டியது. கடைசியில் அணைக்கூடாக ஒரு குழாய் போட்டார்கள். ஓடும் நீரின் சத்தம் கேட்டால் பீவர் அடைத்துவிடும் என்பதால், அதன் வாயைத் தூரத்தில் ஆழத்தில் வைத்துக் கம்பிக்கூடு கட்டினார்கள். வன்னியில் குளக்கட்டும் துருசும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய புதினமல்ல.

அந்த ஐப்பசியில் போய்ப் பார்த்தோம். தெரு காய்ந்திருந்தது. வீட்டு வாசலில் பச்சைக் கிளைகள் குவிந்து கிடந்தன.