அம்மாவின் ஆணிச் செருப்பு

கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் நம் பெற்றோரின் பெட்டியில் கம்பளிச் சட்டை இருக்கும், தைலம் இருக்கும், ஊறுகாய்ப் போத்தலும் இருக்கும். குளிரைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். வழுக்கலைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. ஆட்டவாவில் ஐந்து குளிர்காலங்களைக் கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: குளிரைச் சட்டை போட்டுச் சமாளித்துவிடலாம். ஆளைச் சாய்ப்பது காலுக்கு அடியில் இருக்கும் ஐஸ்தான்.

என் மகன் பிறந்த ஆண்டு நவம்பரில் கிள்ளானிலிருந்து அம்மா வந்தார். வயது 71. எலும்பு பலவீனமாக இருக்கிறது என்று அங்குள்ள மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனால் அம்மா நடக்காமல் இருக்க மாட்டார். ஊரில் தினமும் காலையில் கோயிலுக்கு நடந்து போய், வரும் வழியில் பத்திரிகையும் பலகாரமும் வாங்கி வருவார். இங்கு வந்த ஒரு வாரத்திலேயே தெருமுனை நூலகம்வரை தனியாகப் போய்வரப் பழகிவிட்டார். “நாலு சுவத்துக்குள்ள உட்கார்ந்திருந்தா காலு மரத்துப் போயிரும்மா” என்பார்.

டிசம்பரில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போனபோதும் நடந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஜனவரியில் குளிர் சற்றுக் குறைந்து, பூஜ்ஜியத்தை ஒட்டி உறைமழை பெய்த ஒரு நாள், எங்கள் வாசல் படியிலேயே விழுந்தார். மணிக்கட்டு வீங்கியது, எலும்பு முறியவில்லை. ஆனால் அதன்பின் வெளியே போவதை அடியோடு நிறுத்திவிட்டார். மூன்று வாரம் சன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீக்கம் வடிந்துவிட்டது. பயம் வடியவில்லை.

எனக்கும் பயம்தான். சுற்றுலா விசாவில் வருபவர்களுக்கு ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்புறுதி கிடையாது. அம்மாவுக்குத் தனியார் காப்புறுதி எடுத்திருந்தோம். ஆனால் இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் செலவை எந்தக் காப்புறுதி ஏற்றாலும் பழைய நடை திரும்புமா?

மைனஸ் 20இல் விழாதவர் பூஜ்ஜியத்தில் விழுந்தது ஏன்? ஐஸ் உருகும் நிலைக்கு அருகில் இருக்கும்போது அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அதுதான் வழுக்குகிறது. கடுங்குளிரில் அந்தப் படலம் மிகவும் குறைந்துவிடுவதால் காலுக்கு ஓரளவு பிடிமானம் கிடைக்கும். பகலில் உருகி இரவில் உறையும் நாள்களும் உறைமழை நாள்களுமே ஆபத்தானவை. 1998 ஜனவரியில் ஆட்டவாவையும் மொண்ட்ரியாலையும் பல நாள் முடக்கிய பெரும் ஐஸ் புயலும் உறைமழையால் வந்ததே.

காலணிக்கு மேல் மாட்டிக்கொள்ளும் ‘ஐஸ் கிளீட்’ வாங்கலாம் என்று முடிவு செய்தோம். அதற்குமுன் அம்மாவின் பூட்ஸைச் சரிபார்த்தோம். டோரண்டோ மறுவாழ்வு ஆய்வுக் கழகத்தில், தரை முழுவதும் ஐஸ் பரப்பிய ஓர் அறை இருக்கிறது. பாதுகாப்பு வார் கட்டிய ஆள்கள் அதில் நடக்க, அறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, எத்தனை டிகிரி சரிவில் கால் வழுக்குகிறது என்று பார்க்கிறார்கள். 7 டிகிரிவரை தாங்கும் காலணிக்கு ஒரு பனித்துளிச் சின்னம். 2016இல் முதல் முடிவுகளை வெளியிட்டபோது, சோதித்த 98 வகைக் காலணிகளில் பத்தில் ஒரு பங்குகூட அந்தச் சின்னத்தைப் பெறவில்லை. தடித்த அடிப்பாகம் இருந்தால் போதும் என்று கடையில் நினைத்துவிடுகிறோம். அது சேற்றுக்கும் புதுப்பனிக்கும் உதவும். ஈரமான ஐஸில் அவ்வளவாக உதவாது.

கிளீட் உண்மையில் பலன் தருமா? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், அடிக்கடி விழக்கூடிய 65 வயதைக் கடந்த 109 பேரை வைத்து ஒரு குளிர்காலம் முழுக்க ஆய்வு செய்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். சுருள்கம்பி கிளீட் அணிந்தவர்கள் வெளியில் விழுவது, வழக்கமான காலணியோடு நடந்தவர்களைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. சுவீடனில் பல நகராட்சிகள் முதியவர்களுக்கு இதை இலவசமாகவே கொடுக்கின்றன.

சரி, எதை வாங்குவது? எங்கள் வீட்டில் மூன்று வகையையும் பார்த்துவிட்டோம்.

முதலாவது, ரப்பர் வலையில் எஃகுக் கம்பியைச் சுருளாகச் சுற்றிய வகை. நண்பர் ஒருவர் கொடுத்தார். எடை குறைவு, விலையும் குறைவு. இறுகிய பனியில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எங்கள் நடைபாதையில் உப்பு தூவுவார்கள். பத்தடி ஐஸ் இருந்தால் அடுத்த இருபதடி வெறும் சிமெண்டு. கம்பி சிமெண்டில் உரசித் தேய்ந்தது, உப்பில் துருப்பிடித்தது, ஆறே வாரத்தில் முன்பாதத்துக்குக் கீழே அறுந்தது.

இரண்டாவது, சங்கிலியில் நீண்ட எஃகு முள்கள் கோத்த வகை. என் கணவர் கட்டினோ மலைப்பாதைகளில் நடக்கும்போது போட்டுக்கொள்வது. சரிவான ஐஸில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் வெறும் தரையில் முள்மேல் நிற்பதுபோல் தடுமாற வைக்கும். அம்மாவால் அதை இழுத்து மாட்டவும் முடியவில்லை. “நம்மூர் தைப்பூசத்துல ஆணிச் செருப்புக்கு ஆணி மேல பாத்து இருக்கும். இங்க கீழ பாத்து இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்” என்று சிரித்தார். வெகு நாள் கழித்து அன்றுதான் அவர் சிரித்ததைக் கேட்டேன்.

மூன்றாவதைத்தான் வாங்கினோம். ரப்பர் அடிப்பாகத்தில் குட்டையான ஆணிகள் பதித்த வகை. ஆணியின் நுனி டங்ஸ்டன் கார்பைடு. வடநாடுகளில் கார்களின் பனிக்கால டயர்களில் பதிப்பதும் இதே பொருள்தான். எஃகைவிட மிகக் கடினமானது. சிமெண்டில் பட்டாலும் சீக்கிரம் தேயாது. சில வகைகளில் ஆணியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். விலை சுருள்கம்பி வகையைப்போல் இரண்டு மடங்கு.

நீடித்து உழைப்பது எது என்று கேட்டால், நான் உலோகத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டேன். நீங்கள் தினமும் நடக்கும் பாதை எது? அதில் ஐஸ் எவ்வளவு, வெறும் தரை எவ்வளவு? மலைப்பாதைக்கு ஏற்றதை நடைபாதையில் போட்டால் முனை மழுங்கிவிடும். நடைபாதைக்கு ஏற்றது மலையில் வழுக்கிவிடும். அதோடு, போடுபவரின் கைக்கு அது இசைய வேண்டும். மாட்டுவது கடினமாக இருந்தால், எவ்வளவு உறுதியான பொருளும் அலமாரியில்தான் நீடித்து உழைக்கும்.

அதனால் அம்மாவையும் அவருடைய பூட்ஸையும் கடைக்கே அழைத்துப் போனோம். கிளீட்டின் அளவு காலுக்கு அல்ல, பூட்ஸின் வெளி அளவுக்குப் பொருந்த வேண்டும். தளர்ந்தால் நடக்கும்போது பக்கவாட்டில் நழுவும். முன்னும் பின்னும் ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். கால் முதலில் ஊன்றுவது குதிகாலில்தான். ரப்பரைக் கையால் இழுத்துப் பாருங்கள். குளிரிலும் விறைக்காத ரப்பரா என்று கேளுங்கள். பின்பக்கம் இழுக்க ஒரு பட்டை இருப்பது நல்லது. அம்மா கடை நாற்காலியில் உட்கார்ந்து, என் உதவி இல்லாமல் இரண்டு முறை மாட்டிக் கழற்றிய பிறகே பணம் கொடுத்தேன்.

ஒன்றை மறக்கக்கூடாது. இதைக் கடைக்குள், கோயில் வாசலில், மருத்துவமனைத் தரையில் போட்டு நடக்கவே கூடாது. வழவழப்பான கல்லிலும் ஓட்டிலும் உலோக ஆணி ஐஸைவிட மோசமாக வழுக்கும். அம்மா கைப்பையில் ஒரு துணிப்பை வைத்துக்கொண்டார். நூலக வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து கழற்றுவார், திரும்பும்போது அங்கேயே உட்கார்ந்து மாட்டுவார். வீட்டுக்கு வந்ததும் உப்புப் போகக் கழுவி, துடைத்து, ஹீட்டருக்குத் தள்ளிக் காயவைப்பார். சூடும் வெயிலும் ரப்பரை வெடிக்க வைக்கும். ஆணி பதிந்த இடத்தைச் சுற்றி விரிசல் தெரிந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒரு வாரம் ஹொக்காய்டோவுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. சப்போரோவில் சாதாரண கடைகளிலேயே மலிவான வகை கிடைக்கும். அங்கு சாலைச் சந்திப்புகளில், பாதசாரிகள் தாங்களே எடுத்துத் தூவ மணல் பெட்டியும் வைத்திருக்கிறார்கள். குளிர்நாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளும், பேரப்பிள்ளை பார்க்கப் போகும் பெற்றோரும்தான் நல்லதாகப் பார்த்து வாங்க வேண்டும். கிளீட் போட்டாலும் பென்குயின்போல் சிறு சிறு அடியாக, கைகளைச் சட்டைப்பையில் விடாமல் நடக்கச் சொல்லுங்கள்.

பிப்ரவரி முதல் வாரம் அம்மா மறுபடி நூலகத்துக்கு நடந்தார். முதல் நாள் குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கூடவே போனேன். இரண்டாம் நாளும் போனேன். மூன்றாம் நாள், “நீ பிள்ளையைப் பாரு. எனக்கு வழி தெரியும்” என்று கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிப் போனார். சன்னலோரம் இப்போது நான் நின்றேன். படியில் கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வோர் அடியாக இறங்கி, நடைபாதைக்கு வந்ததும், ‘கரக் கரக்’ என்று ஐஸைக் கொத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்.