யார் ஓட்டுற கப்பல்?

போன கோடையில் ஒரு சனிக்கிழமை. ஒஹாயோ மாநிலத்து சின்சினாட்டியில் நாங்கள் குடியிருக்கிற தெருவில், நாலு வீடு தள்ளி ஒருத்தர் பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். கறுப்பர். அம்பத்தஞ்சு வயசு இருக்கும். விளக்கு, சட்டி, புத்தகங்களுக்கு நடுவில் சுளகு மாதிரி தட்டையாக, சாம்பல் கலரில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கிடந்தது. என் பையன் அதைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு ஓடினான்.

‘அப்பா, மில்லேனியம் ஃபால்கன்!’

‘அது விக்கிறதுக்கில்ல தம்பி. சும்மா வெளிச்சத்துல வச்சிருக்கேன். தொட்டுப் பாக்கலாம்’ என்றார் அவர்.

இங்கிலீஷில்தான் சொன்னார். ‘தொட்டுப் பாக்கலாம்’ என்கிறது என் காதில் மட்டும் வேறு மாதிரி விழுந்தது.

‘ஸ்டார் வார்ஸ்’ படம் 1977 மே மாதம் வந்தது. அதில் வருகிற விண்கப்பல் இது. பொம்மையாக 1979இல் வந்தது. ஓட்டுகிறவர் உட்காரும் கூண்டின் மூடியைத் திறந்தால் ரெண்டு ஆள் உட்காரலாம். மேல்தகட்டின் ஒரு பாகத்தைக் கழற்றினால் உள்ளே ஆட்ட மேசை, சுழலும் துப்பாக்கி சீட்டு, தரையில் கடத்தல் சரக்கு ஒளித்து வைக்க ஒரு பொந்து. பாட்டரி போட்டால் சண்டைச் சத்தம் கேட்கும். பையன் ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடினான்.

இதைச் செய்த கென்னர் கம்பெனி இதே சின்சினாட்டியில் 1946இல் அண்ணன் தம்பி மூணு பேர் ஆரம்பித்தது. கென்னர் என்கிறது ஒரு தெருவின் பேர். படம் இந்த அளவுக்கு ஓடும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. 1977 கிறிஸ்துமஸுக்குப் பொம்மை தயாராகவில்லை. அதனால் வெறும் அட்டையையும் சீட்டையும் கடையில் விற்றார்கள். சீட்டை அனுப்பினால் அடுத்த வருஷம் நாலு பொம்மை தபாலில் வரும். பிள்ளைகள் காகிதத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பொம்மை மனிதர்களின் உயரம் மூணே முக்கால் அங்குலம். ஆளைச் சின்னதாகச் செய்தால்தான் அவர்கள் ஏறுகிற கப்பலை வாங்குகிற விலையில் செய்ய முடியும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு ஜெயித்தது. வண்டியும் ஆளுமாக விற்றுத் தள்ளினார்கள்.

‘இது உங்களோடதா?’ என்று பையன் கேட்டான்.

‘என்னோடதுதான். எட்டு வயசுல எங்கப்பா வாங்கிக் குடுத்தது. ஆனா ஒரு வருஷம் நான் இத ஓட்டல’ என்று சிரித்தார்.

பள்ளிக்கூடத்துப் பையன்கள் விளையாட வருவார்களாம். எல்லாம் வெள்ளைப் பிள்ளைகள். யார் யாராக இருப்பது என்று அவர்கள்தான் பிரிப்பார்கள். கப்பல் ஓட்டுகிற ஹான் சோலோ அவர்களில் ஒருத்தன். இவருக்கு சூபாக்கா. உடம்பெல்லாம் மயிர், பேச்சு கிடையாது, உறுமுவது மட்டும்தான். சில நாள் டார்த் வேடர். ‘கறுப்பா இருக்கறது நீதானே’ என்பார்களாம்.

‘கப்பல் என்னுது. ஓட்டுறவன் நான் இல்ல’ என்றார்.

முதல் படத்தில் முகம் தெரிய வந்த கதாநாயகர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். டார்த் வேடரின் குரல் மட்டும் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்கிற கறுப்பு நடிகருடையது. உடம்பு வேறொருத்தர். 1977இல் பெயர்ப் பட்டியலில் அவர் பேர் இல்லை. அது அவரே கேட்டுக்கொண்டது என்று பின்னால் சொன்னார். சின்னப் பிள்ளைக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

1980இல் ரெண்டாவது படம். பில்லி டீ வில்லியம்ஸ் நடித்த லாண்டோ கால்ரிசியன் வந்தான். கறுப்பன். ஒரு நகரத்துக்கே தலைவன். தோளில் நீலச் சால்வை. அதைவிடப் பெரிய சேதி, இந்தக் கப்பல் முதலில் அவனுடையதுதான். ஹான் அதைச் சூதாட்டத்தில் ஜெயித்து எடுத்துக்கொண்டான்.

‘தியேட்டர்ல எழுந்து நின்னுட்டேன். அப்பா சட்டையப் புடிச்சு உக்கார வச்சார்.’

கம்பெனி லாண்டோ பொம்மையும் போட்டது. பல் தெரிய சிரிக்கிற மாதிரி ஒன்று, பல் தெரியாமல் ஒன்று என்று ரெண்டு விதமாக வந்தது. இன்றைக்குச் சேகரிக்கிறவர்கள் பல்லைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். இவரிடம் இருப்பது பல் தெரியாதது. ‘என் ஆளு சும்மா சிரிக்க மாட்டான்’ என்றார்.

பள்ளிக்கூடத்துப் பையன்கள் விடவில்லை. அந்தப் படத்தில் லாண்டோ தன் ஊரைக் காப்பாற்ற ஹானை எதிரியிடம் மாட்டிவிடுகிறான். ‘காட்டிக்குடுத்தவன் ஓட்டக்கூடாது’ என்று பொம்மையைப் பிடுங்கித் தரையில் போட்டார்களாம்.

1983 மே மாதம் மூணாவது படம். அதில் கடைசிச் சண்டையில் கப்பலை ஓட்டுவது லாண்டோதான். எதிரியின் கோட்டைக்குள் புகுந்து வெடிக்க வைத்துவிட்டு வெளியே வருகிறான். மூணு வருஷம் அதுக்காகத்தான் காத்திருந்தேன் என்றார். அதே வருஷம் ஆகஸ்ட் 30, ராத்திரி ரெண்டரை மணிக்கு அப்பா அவரை எழுப்பி டிவி முன்னால் உட்கார வைத்தாராம். சேலஞ்சர் விண்கலம் கிளம்பியது. உள்ளே கயன் புளூஃபோர்ட். விண்வெளிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர். இவர் கையில் லாண்டோ.

‘எங்கப்பா சினிமா பாத்து அழமாட்டார். அன்னிக்கு அழுதார்.’

அந்த அப்பா பிறந்தது வெஸ்ட் எண்டில். கென்னர் தெரு இருக்கிற பக்கம்தான். அங்கே கென்யன்-பார் என்று ஒரு பகுதியை நகரச் சீரமைப்பு என்ற பேரில் மொத்தமாக இடித்தார்கள். 25,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள், பெரும்பாலும் கறுப்பர்கள். இன்றைக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலையும் கிடங்குகளும். புறம்போக்கு என்று சொல்லி நம்ம குடிசையைப் பிடுங்குகிற கதையை நான் புதுசாகக் கேட்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது பையன் கேட்டான்: ‘நீ சின்ன வயசுல என்ன வண்டி வச்சிருந்தப்பா?’

இங்கே தமிழர்கள் கூடுகிற இடத்தில் ‘ஊர் எந்தப் பக்கம்? ஊர்ல எந்தத் தெரு?’ என்று கேட்பார்கள். நான் திண்டிவனம் என்பேன். அதோடு நிறுத்திக்கொள்வேன். பையனிடமும் அப்படித்தான் நிறுத்தி வைத்திருந்தேன். ஒன்பது வயசு வரைக்கும் அவனுக்கு நான் ‘திண்டிவனம்’ மட்டும்தான்.

அன்றைக்குச் சொன்னேன்.

என் வண்டி நுங்கு வண்டி. நுங்கு தின்ற கூந்தல் ரெண்டு எடுத்து, நடுவில் குச்சி செருகி, கவைக்குச்சியால் தள்ளுவது. காலனியில் நான்தான் வேகம். ஒருநாள் அம்மா வெல்லம் வாங்க அனுப்பியது. கடை ஊர்த்தெருவில். வண்டியைத் தள்ளிக்கொண்டே உள்ளே போய்விட்டேன். திண்ணையிலிருந்து ஒருத்தன், ‘எவன்டா அது, தெருவுல வண்டி ஓட்டறது? தூக்கிக்கினு போடா’ என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று சிரித்தேன். இறங்கி வந்து காலால் ஒரு மிதி. பச்சைக் கூந்தல், நசுங்கித் தண்ணியாகப் போனது.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அரிவாளை எடுக்கும் என்று நினைத்தேன். அது ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘முனை வந்தா தூக்கிக்கடா’ என்றது. மறுநாள்தான் கவனித்தேன். அப்பா தன் சைக்கிளை அந்த முனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனது. தினமும் அப்படித்தான் போயிருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

‘தாத்தாவோட சொந்த சைக்கிளா?’

‘சொந்த சைக்கிள்தான்டா.’

அவன் அப்புறம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிவிட்டான். சாயங்காலம் அவரே வந்தார். நுங்கு வண்டி எப்படி இருக்கும் என்று கேட்டார். காகிதத்தில் வரைந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

‘இப்ப அந்தத் தெருவுல ஓட்டலாமா?’

‘எங்க ஊர்ல நம்ம பசங்க பைக்லயே போறானுங்க. ஆனா 2025 பிப்ரவரியில சிவகங்கை மாவட்டத்துல ஒரு தலித் மாணவன் புல்லட் ஓட்டினான்னு கைய வெட்டினதா வழக்கு ஆச்சு’ என்றேன். தலித் என்கிற வார்த்தையை இந்த ஊரில் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பையில் கொண்டுவந்திருந்த கப்பலை எடுத்து மேசையில் வைத்தார். கூண்டைத் திறந்து லாண்டோவை உட்கார வைத்தார். பக்கத்து சீட்டு காலியாக இருந்தது.

பையன் என் பேனாவை வாங்கி, நான் வரைந்த படத்தில் வண்டிக்குப் பின்னால் குச்சி பிடித்த ஒரு ஆளை வரைந்தான். அதற்குக் கீழே என் பேரை எழுதினான். அப்புறம் ஊர் பேர் என்னன்னு கேட்டான்.

திண்டிவனம் என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திவிட்டு ஊர் பேரைச் சொன்னேன். காலனி என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.