கெட்டும் கெடாத கணினி

வீட்டிலே ஒரு பொருள் அடியோடு கெட்டுப்போனால் அதனால் வரும் துன்பம் ஒருவகை. கெட்டும் கெடாமலும் இருந்து நம்மை ஏய்க்குமானால் அத்துன்பம் வேறொருவகை. முன்னதற்கு முடிவுண்டு. புதியதை வாங்கலாம், அல்லது இல்லாமலே வாழப் பழகலாம். பின்னதற்கோ முடிவே இல்லை. நல்லவனா தீயவனா என்று துணிய முடியாத உறவினன் ஒருவன் வீட்டோடு தங்கியிருப்பது போன்றது அது. சென்ற ஆண்டு வைகாசி தொடங்கி ஆவணி வரையில் எங்கள் வீட்டு மேசைக் கணினி எங்களை அந்த நிலையில்தான் வைத்திருந்தது.

நாங்கள் வசிப்பது திருகோணமலையை அடுத்த பாலையூற்றிலே. கடலும் துறைமுகமும் தொலைவில் இல்லை. வைகாசி பிறந்துவிட்டால் இங்கே கச்சான் காற்று வீசத் தொடங்கும். மேற்கேயுள்ள நிலத்தின் வெப்பத்தையெல்லாம் வாரிக்கொண்டு வரும் காற்று அது; ஒழுங்கையின் புழுதியை ஜன்னல் வழியே கொணர்ந்து மேசை, நாற்காலி, புத்தகம் எல்லாவற்றின்மீதும் படியவைத்துவிட்டுப் போகும். அந்தக் காற்றோடு வந்ததுதான் எங்கள் கணினியின் நோயும்.

நோயின் தன்மையைச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்துகொண்டிருக்கையில் திரை அப்படியே ஸ்தம்பித்துவிடும். சுட்டியை அசைத்தால் அம்பு அசையாது. விசையைத் தட்டினால் எழுத்து விழாது. விளக்கு எரிந்தபடி இருக்கும்; விசிறி சுற்றும் ஓசையும் கேட்கும். திரையின் மூலையிலுள்ள கடிகாரம் மட்டும், நின்ற கணத்தையே காட்டிக்கொண்டிருக்கும். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தால் ஒன்றும் அறியாத பிள்ளைபோல் விழித்தெழும். பிறகு மூன்று நாள் ஒழுங்காக ஓடும். நாலாம் நாள் ஒரே மாலைப் பொழுதில் மூன்று முறை நிற்கும்.

நான் கல்லூரியிலே தமிழ் கற்பிப்பவன். யந்திர சாஸ்திரத்துக்கும் எனக்கும் உள்ள தூரம் கோணேசர் மலைக்கும் கைலாய மலைக்கும் உள்ள தூரம். ஆனாலும், தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமையை யார்தான் விட்டுக்கொடுத்தார்கள்? தவணைப் பரீட்சைக்காக மூன்று மணி நேரம் இருந்து தட்டிய வினாத்தாள், சேமித்து வைக்கும் முன்னரே ஓரிரவு மறைந்துபோயிற்று. அன்று என் கோபம் முழுவதும் பதினாறு வயது மகன்மீது பாய்ந்தது. முன்பு கணினி நின்ற மூன்று தடவைகளில் இரண்டு, அவன் விளையாடிக்கொண்டிருந்தபோது நிகழ்ந்தவை. எனக்கு அந்தச் சாட்சியம் போதுமாக இருந்தது.

"உன்னுடைய விளையாட்டுத்தான் இதைக் கெடுத்தது. இனி இதிலே கை வைக்காதே" என்றேன்.

"நான் தொடாத நேரத்திலும் நிற்குதே, அப்பா" என்றான். அதை நான் எதிர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன். அன்று முதல் அவன் கணினியின் பக்கம் வரவில்லை. என் பக்கமும் வரவில்லை.

பட்டணத்திலுள்ள ஒரு கடைக்குக் கணினியைக் கொண்டுபோனேன். விண்டோஸை அழித்துப் புதிதாகப் பதித்தால் எல்லாம் சரியாகும் என்றார்கள். அப்படியே செய்தார்கள், நானும் பணத்தைக் கொடுத்தேன். மறுநாள் மாலையே கணினி மீண்டும் நின்றது. அப்போது மகன் வீட்டில் இல்லை. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கேசுவரர் கோவிலுக்குப் போவதற்காக மட்டக்களப்பில் தன் மாமன் வீட்டில் இருந்தான். அங்கிருந்துகொண்டு பாலையூற்றிலுள்ள கணினியை நிறுத்தும் வித்தை அவனுக்குத் தெரியாதென்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

"பிள்ளை உங்களோட கதைச்சு இரண்டு கிழமையாகுது. இந்தப் பெட்டியைப் பார்க்கிறதோட அதையும் கொஞ்சம் பாருங்கோ" என்றாள் மனைவி. அவள் குரலில் கோபமில்லை. அதனாலேயே அது என்னை அதிகம் சுட்டது.

அன்றிரவு பழைய பயிற்சிக் கொப்பி ஒன்றை எடுத்துக் கணினியின் அருகில் வைத்தேன். நிற்கும் போதெல்லாம் மூலைக் கடிகாரம் காட்டும் நேரம், அப்போது செய்த வேலை, தண்ணீர் மோட்டார் ஓடியதா இல்லையா என்பனவற்றை எழுதலானேன். இந்த யோசனை எனக்குப் புதிதாகத் தோன்றிற்றேயன்றி உலகுக்குப் புதிதன்று. 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆந் திகதி அமெரிக்காவில் ஹார்வர்ட் மார்க் 2 என்னும் பெரிய கணிப்பொறியில் பழுது தேடியவர்கள், அதன் தொடர்பிகள் ஒன்றிலே அந்துப்பூச்சி ஒன்று அகப்பட்டுக் கிடக்கக் கண்டார்கள். அவர்கள் அதைத் தூக்கி எறியவில்லை. பதிவேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்று வாஷிங்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பிறகே மருந்தை நினை என்பது வள்ளுவர் சொன்ன வழி. அந்தக் குறளை ஆண்டுதோறும் வகுப்பிலே விளக்கி வருகிறவன், வீட்டிலே காரணத்தை ஆராயுமுன் குற்றவாளியைப் பிடித்துவிட்டேன்!

மகன் திரும்பி வந்ததும் கொப்பியை அவன் கையில் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "இதைக் கொஞ்சம் பார், தம்பி" என்று மட்டும் சொன்னேன். அவன் பக்கங்களைப் புரட்டினான். "முதலிலே உங்கட எழுத்தையெல்லாம் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைப்போம், அப்பா. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். இரண்டை மாற்றினால் எது காரணமென்று தெரியாது" என்றான். பதினாறு வயதில் எனக்கு இவ்வளவு நிதானம் இருந்ததில்லை.

விண்டோஸினுள்ளே நிகழ்வுப் பதிவேடு ஒன்று உண்டு. அதிலே 'கேர்னல் பவர் 41' என்ற குறிப்பே திரும்பத் திரும்ப இருந்தது. அது நோயின் பெயரன்று. ஒழுங்காக மூடப்படாமல் கணினி மறுபடி தொடங்கியது என்ற செய்தி மாத்திரமே. மரணச் சான்றிதழில் 'மூச்சு நின்றது' என்று எழுதி வைப்பது போலத்தான்.

அடுத்து, மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். செயலியின்மேலுள்ள உலோகத் தகடுகளுக்கிடையே கச்சான் கொணர்ந்த புழுதி கம்பளிபோல் படிந்திருந்தது. விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் துடைத்தோம். காய்ந்துபோன வெப்பங்கடத்தும் பசையை நீக்கிப் புதிது பூசினோம். கடும் வேலையின்போது 88 பாகையைத் தொட்ட சூடு 61 பாகைக்கு இறங்கிற்று. கன்னியாவிலே வெந்நீர்க் கிணறுகள் ஏழு. எட்டாவது எங்கள் மேசைக்குக் கீழே இருந்திருக்கிறது! நோய் தீர்ந்ததென்று மகிழ்ந்தோம். ஆறாம் நாள் கணினி மீண்டும் நின்றது. கண்ணுக்குத் தெரிந்த குறையெல்லாம் நாம் தேடுகின்ற குறையாகிவிடாது என்று அறிந்துகொண்டேன்.

பின்னர் மின்சாரத்தைச் சந்தேகித்தோம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாடல்லவா? ஆனால், மோட்டார் ஓடிய நேரத்துக்கும் கணினி நின்ற நேரத்துக்கும் பொருத்தம் இல்லையென்று கொப்பி சொல்லிற்று. தாய்ப்பலகையிலுள்ள மின்தேக்கிகளின் தலைகளும் வீங்காமல் தட்டையாகவே இருந்தன. சக ஆசிரியர் ஒருவரிடம் இரவலாகப் பெற்ற மின்வழங்கியைப் பூட்டிப் பார்த்தோம்; அப்போதும் நின்றது.

எஞ்சியது நினைவகம். கடைக்காரர்கள் 'ராம்' என்பார்கள். இராம நாமம் தாங்கியதைச் சந்தேகிப்பதா என்று நான் தயங்க, மகன் சிரித்தான். பல கிழமைகளுக்குப் பிறகு என் முன்னால் அவன் சிரித்தது அன்றுதான். நினைவகத்தைச் சோதிப்பதற்கென்றே 'மெம்டெஸ்ட் 86' என்னும் நிரல் இருக்கிறது. விண்டோஸோடு சேராமல் தனியே இயங்குவது. இரவு முழுவதும் அதை ஓடவிட்டோம். விடியற்காலையில் திரையிலே சிவப்பு வரிகள்! இரண்டு துண்டுகளையும் தனித்தனியே சோதித்தோம். ஒன்று நிரபராதி. மற்றதை எந்தத் துளையிலே செருகினாலும் சிவப்பு வரி அதனுடனேயே சென்றது. ஆகவே குற்றம் துளையில் இல்லை; துண்டில்.

அதை வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தோம். பொன்முலாம் பூசிய பற்களிலே சில மங்கிக் கறுத்திருந்தன. கடற்காற்றின் உப்பும் ஈரமும் பல ஆண்டுகளாகச் செய்த வேலை. வேலை மிகுந்து சூடேறும்போது அந்த மங்கிய தொடர்பு தளர்ந்திருக்கிறது. விளையாட்டும் கணினிக்குப் பெரிய வேலையே. படங்கள் நிறைந்த என் வினாத்தாளும் அப்படியே. மகனின் விளையாட்டு குற்றவாளியன்று. குற்றத்தை வெளிப்படுத்திய சாட்சி.

மருந்து என்ன தெரியுமா? பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பர்! முதலில் பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொண்டு, பற்களை மெல்ல, மிக மெல்லத் தேய்த்தோம். மை அழிக்கும் கரகரப்பான றப்பர் ஆகாது. அது பொன்முலாத்தையே சுரண்டிவிடும். பின்னர் தூய மதுசாரம் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் பழைய துளையிலேயே பூட்டினோம். இரண்டு இரவுகள் சோதித்தும் ஒரு சிவப்பு வரியும் வரவில்லை. அதன்பின் கணினி ஒரு தடவையேனும் நிற்கவில்லை.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் காரணத்தையும் மருந்தையும் எழுதினேன். அதன் கீழே, 'முதற் சந்தேகம்: மகன். தவறு என்னுடையது' என்று எழுதிக் கையொப்பமிட்டு, அவன் தாயின் முன்னிலையிலேயே அவனிடம் நீட்டினேன். அவன் வாசித்தான்; ஒன்றும் பேசவில்லை. சற்று நேரங்கழித்து, "விளையாடலாமா, அப்பா?" என்று கேட்டான்.

அடுத்த தவணை தொடங்கிற்று. என் வகுப்பிலே கேள்வி கேட்டால் பதிலின்றி ஸ்தம்பித்து நிற்கும் மாணவன் ஒருவன் உண்டு. சோம்பேறி என்று பலமுறை ஏசியிருக்கிறேன். இம்முறை ஏசவில்லை. வகுப்பு முடிந்தபின் அருகே அழைத்து, இரவிலே எத்தனை மணிக்கு உறங்குவாய் என்று கேட்டேன். தந்தையோடு கடலுக்குப் போகிறவன், விடியற்காலையிலேதான் கரை திரும்புகிறானாம். இரண்டு ஆண்டுகளாக அவனை எனக்குத் தெரியும். இந்தக் கேள்வியை அன்றுதான் கேட்டேன்.