4கே தானே கேட்டீங்க?

டிவியின் திரைக்கு வயசாகவில்லை, மூளைக்குத்தான் வயசாகிவிட்டது. நான்கு வருடத்துக்கு முன் வாங்கிய 43 இன்ச். படம் இன்றும் பளிச்சென்றுதான் தெரிகிறது. ஆனால் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, அம்மா அடுப்படிக்குப் போய்ப் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். ஒன்றிரண்டு செயலிகள் மொத்தமாகவே கைவிரித்துவிட்டன. நல்லாயிருக்கிற திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது டிவி வாங்க மனசு வரவில்லை. வெளியே ஒரு கம்ப்யூட்டரை வைத்து அதை ஓட்டுவது, 15,000 ரூபாயைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் வீட்டிலிருந்த 2013-ஆம் வருடத்துக் கம்ப்யூட்டரையே மாட்டிப் பார்த்தேன். ஒரு 4கே படத்தை ஓடவிட்டதும் அதன் ஃபேன் மாவு மெஷின் போல இரைந்தது. வசனம் முன்னால் போக, வாய் பின்னால் அசைந்தது. பாவம், அதைக் குற்றம் சொல்ல முடியாது. 4கே படங்கள் பெரும்பாலும் ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கப்பட்டவை. அந்தச் சுருக்கத்தை விரிப்பதற்கென்றே பிராசஸருக்குள் தனிப் பகுதி வேண்டும். இல்லாவிட்டால் மொத்தச் சுமையும் பொதுவேலை பார்க்கிற பகுதியின் தலையில் விழும். இன்டெலின் கோர் வரிசையில் 10 பிட் ஹெச்இவிசியை அப்படி முழுசாக விரிக்கிற வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஆக, எனக்கு வேண்டியது பலசாலி இல்லை. சரியான வருடத்தில் பிறந்தவன்.

அந்த வயசுக்காரர்கள் இப்போது ஆபீஸ்களிலிருந்து ஓய்வு பெற்று ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு லாட் லாட்டாக வந்து இறங்குகிறார்கள். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால், கேபிள் சுருளுக்கும் டீ கிளாஸுக்கும் நடுவே, தடித்த டைரி அளவில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஐ5 7500டி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி: 10,500 ரூபாய். "டெஸ்டிங் வாரண்ட்டிதான் சார், போட்டுப் பார்த்து எடுத்துக்குங்க" என்றார் கடைப் பையன். பக்கவாட்டில் பாதி கிழிந்த ஆபீஸ் சொத்து எண் ஸ்டிக்கர். சுரண்டிப் பார்த்தேன், பசை போகவில்லை. ஆயுத பூஜையன்று அம்மா அதன் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். இப்போது அதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது.

லினக்ஸ் ஏற்றி, அதன் மேல் கோடி என்ற மென்பொருளைப் போட்டேன். 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகச் சிலர் சும்மா எழுத ஆரம்பித்தது, 2014-இல்தான் இந்தப் பெயர் வைத்தார்கள். பெயர்தான் கோடி, விலை ஒரு பைசா இல்லை. 4கே படம் ஓடியது. ஃபேன் மூச்சுக் காட்டவில்லை. ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி சேற்றில் கால் வைத்தவன் மாதிரி வந்தது. கையை நிறுத்திய பிறகும் அது ஒரு அடி எடுத்து வைக்கும்.

மவுஸை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், லினக்ஸையே திரும்ப ஏற்றினேன். நான்கு நாள் போனது. கடைசியில் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கிவிட்டது. 3840-ஐ 2160-ஆல் பெருக்கினால் 82,94,400 புள்ளி. புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 முறை என்றால் ஏறக்குறைய 1,194 கோடி பிட். என் மெஷினின் ஹெச்டிஎம்ஐ 1.4 ரகம், அதில் படத்துக்கென்று போகக்கூடியது நொடிக்கு 816 கோடிதான். அதனால் அது சத்தம் போடாமல் 30-க்கு இறங்கிவிட்டது. பக்கத்திலேயே இருந்த டிஸ்ப்ளேபோர்ட்டில் 60 வரும், ஆனால் டிவியில் அந்த ஓட்டை கிடையாது.

மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட். டிஸ்ப்ளேபோர்ட்டை ஹெச்டிஎம்ஐ ஆக்குகிற கன்வெர்ட்டர், அட்டையில் பெரிசாக '4கே', 450 ரூபாய். வீட்டில் மாட்டினால் அதே சேறு. திரும்பக் கொண்டுபோய் நீட்டினேன். கவுன்ட்டரில் இருந்தவர் நிதானமாகச் சொன்னார்: "4கே தானே சார் கேட்டீங்க? 4கே தானே குடுத்தேன்." நியாயம்தான். அட்டையின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் 30 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. விலை குறைந்த ரகம் எதையும் மாற்றித் தராது. மெஷினையே ஹெச்டிஎம்ஐ பாஷை பேசவைக்கும், அப்போது பழைய வரம்பும் கூடவே வந்துவிடும். உள்ளே சிப் வைத்து மாற்றித் தருகிற ஆக்டிவ் ரகம் 1,300. அதை மாட்டி, டிவியின் மெனுவில் அந்த ஹெச்டிஎம்ஐ துளைக்கென்று ஒளிந்திருந்த ஒரு ஸ்விட்சையும் போட்ட பிறகு, அம்புக்குறி எண்ணெய் விட்ட மாதிரி ஓடியது. ராத்திரி பதினொரு மணிக்கு அதைச் சும்மா வட்டம் வட்டமாகச் சுற்றவிட்டுக் கொண்டிருந்தேன்.

சினிமா பார்க்க மட்டும் என்றால் இந்த 1,300 தண்டம். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்தான், பழைய துளையே அதற்குப் போதும். சொல்லப்போனால் 60-இல் ஓட்டினால்தான் வம்பு: ஒரு ஃபிரேம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று மாறி மாறி வரும். கேமரா வயல்வெளியை மெதுவாகத் தடவிக்கொண்டு போகும்போது அந்த நொண்டல் கண்ணில் படும். படம் தொடங்கும்போது திரையை 24-க்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி கோடியில் ஒரு செட்டிங் இருக்கிறது. போட்டேன். மாறுகிற இரண்டு நொடி திரை கறுத்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் அம்மா "கரன்ட் போயிடுச்சா?" என்று ஒரு தடவை கேட்கிறாள்.

ஹெச்டிஎம்ஐ கேபிள் 600, குட்டி கீபோர்டு 900 சேர்த்து மொத்தம் 13,750. எல்லாம் முடிந்த பிறகு, செய்யக்கூடாத இன்னொரு கணக்கையும் செய்தேன். எங்கள் சோபாவுக்கும் டிவிக்கும் பத்தடி. அந்தத் தூரத்தில் நல்ல பார்வை உள்ளவரால் பிரித்துப் பார்க்க முடிவது ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர். 43 இன்ச் திரையில் 4கே புள்ளியின் அளவு கால் மில்லிமீட்டர். சாதா ஃபுல் ஹெச்டி என்றாலே அரை மில்லிமீட்டர்தான். சோபாவில் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் இரண்டும் ஒன்று. இதை வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 1987-இல் அக்கா காதுகுத்துக்கு எடுத்த போட்டோக்களின் நெகட்டிவ்களை ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்து, பென்டிரைவில் கொண்டுவந்து மாட்டினேன். மாயவரத்து வீட்டு வாசல். தாய்மாமா மடியில் அக்கா, வாயைத் திறந்து அழுதுகொண்டு. பின்னால் எதிர்வரிசைக் கடைகள். ஆல்பத்துப் பிரின்ட்டில் ஒரு கறுப்புக் கோடாகத்தான் அவற்றில் ஒன்றின் போர்டைப் பார்த்திருக்கிறோம்.

அப்பா எழுந்தார். கண்புரை ஆபரேஷன் ஆன கண். டிவிக்கு ஒரு அடி தள்ளி நின்று, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். "வாடகை... சைக்கிள்... மணிக்கு..." விரல் நகர்ந்தது. "டேய், ஒரு ரூபாய்னு போட்டிருக்காண்டா. எங்கிட்ட ஒன்னரை வாங்கினான்." கதவில் தொங்கிய டயர்களை எண்ண ஆரம்பித்தார்.

"என்னங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் அம்மா சோபாவிலிருந்து. "குழந்தையை மறைக்கிறீங்க."