கூலியும் தூய்மையும்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையின் உச்சியில் எரியும் சுடரைக் காணப் பல இலட்சம் மக்கள் திரள்கின்றனர். மலை என்றாலே தூய்மை என்று எண்ணுவது மனித இயல்பு. மோசேயும் சீனாய் மலைமேல்தான் திருச்சட்டத்தைப் பெற்றார். ஆனால் அச்சட்டம் வயலுக்கும் கடைத்தெருவுக்குமன்றோ இறங்கி வந்தது!

லேவியர் ஆகமத்தின் 19-ஆம் அதிகாரத்தில் தொடங்கும் பகுதியை யூதர்கள் ‘கெதோஷிம்’, அதாவது ‘தூயோர்’ என்று அழைக்கின்றனர். தம்மைப்போல் தூயோராய் இருக்கும்படி மக்களைப் பணிக்கும் இறைவன், தொடர்ந்து எவற்றைக் கூறுகிறார்? பெற்றோரை மதிக்கச் சொல்கிறார். வயலோரத்து விளைச்சலையும் சிந்திய கதிரையும் ஏழைக்கு விடச் சொல்கிறார். கூலியாளின் ஊதியத்தை விடியும்வரை வைத்திருப்பதைத் தடுக்கிறார். படியிலும் எடைக்கல்லிலும் நேர்மை கேட்கிறார். பிறரன்புக் கட்டளையை நம் ஆண்டவர் எடுத்துரைத்ததும் இதே அதிகாரத்திலிருந்துதான்.

அன்பர்களே, நம் பகுதி மணிலா விளையும் பூமி. செடி பிடுங்கியபின் மண்ணில் தங்கிய காய்களைப் பொறுக்க ஏழைப் பெண்கள் வருகின்றனர். அவர்களை விரட்டாத நிலக்காரரும், பொழுது சாயுமுன் கூலியை எண்ணிக் கொடுக்கும் இல்லத்தரசியும் வயலையும் வாசலையுமே பீடமாக்குகின்றனர். திருப்பலியில் ‘தூயவர்’ என்று மும்முறை பாடுமுன், எவருடைய கூலியேனும் நம் வீட்டில் இராத்தங்கியிருக்கிறதா என்று பார்ப்போம்.