டூர் போவதும் ஊருக்குப் போவதும்

மனிதரைப் பயணத்துக்குத் தூண்டுபவற்றைச் சுற்றுலா ஆய்வாளர்கள் இரண்டாகப் பகுப்பர்: சலிப்பு, தனிமை, மதிப்பு பெறும் ஆசை என வீட்டிலிருந்து வெளியே தள்ளுபவை உந்துகாரணிகள், கடல், வெயில், கோயில் எனச் செல்லுமிடத்திலிருந்து இழுப்பவை ஈர்ப்புக்காரணிகள். பார்படோஸ் தீவுக்கு வந்த பயணிகளை ஆராய்ந்து கிரஹாம் டான் 1977இல் விளக்கிய இப்பகுப்பு, வடசென்னையின் காசிமேட்டிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் பிழைப்புக்காகச் சென்று துபாயிலும் ஷார்ஜாவிலும் குடும்பமாக வாழும் தமிழரிடம் வரும்போது சற்றே தடுமாறுகிறது.

அவர்கள் பேச்சில் ‘டூர் போவது’ வேறு, ‘ஊருக்குப் போவது’ வேறு. அமீரகக் குடியிருப்பு விசா இருந்தால் பொதுவாக ஜார்ஜியாவுக்குத் தனி விசா வேண்டியதில்லை என்பதால், நாலைந்து நாள் பெருநாள் விடுமுறையில் திபிலிசி சென்று பனிமலை பார்த்து வருகிறார்கள். ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு மட்டும் ஊருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஈர்ப்பு என்று பட்டியலிடக் காசிமேட்டில் இருப்பவை விடியுமுன் நடக்கும் மீன் ஏலம், டீசல் வாடை, கன்டெய்னர் லாரிகள் அடைத்து நிற்கும் சாலை. மணற்கரைகூட அரிது, பெரும்பாலும் கருங்கல் குவியல்தான். 1870களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை வழிமறித்ததால், தெற்கே மெரினா அகன்றது; மணல் வரத்து நின்ற வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரையைக் கடல் அரித்தது. சுற்றுலாப் பயணி காற்று வாங்கும் மணலில் ஒரு பங்கு, உண்மையில், காசிமேட்டுக்கு வந்திருக்க வேண்டியது.

ஆகவே இழுப்பது இடமன்று, ஆட்கள். டான் குறிப்பிட்ட மதிப்பு பெறும் ஆசையும் இங்கேதான் நிறைவேறுகிறது: அமீரகத்தில் பலருள் ஒருவராகக் கரைந்துபோனவர், பெட்டியைத் திறந்து அத்தரும் பேரீச்சையும் பங்கிடும் நாளில் தெருவுக்கே ‘துபாய்க்காரர்’ ஆகிறார்.

சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. மீன் இனப்பெருக்கத்துக்காகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அண்ணன் தம்பிகள் வலையைச் செப்பனிட்டுக்கொண்டு கரையில் இருக்கும் காலம் அது. அமீரகப் பள்ளிகளுக்கோ ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான் நீண்ட விடுமுறை என்பதால், பிள்ளைகளோடு வந்திறங்கும்போது தம்பி, பல நாள் கடலிலேயே இருக்கும் தங்கல் தொழிலுக்குப் போயிருக்கிறார். காவியுடுத்தி வடசென்னையிலிருந்து நடந்து சென்றவர்கள் வேளாங்கண்ணி சேர்ந்து ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தைக் காணும்போது, துபாய்க் குடும்பங்கள் பள்ளித் திறப்புக்காக விமானம் ஏறியிருக்கும்.